ஹவுஸ்ஃபுல் காட்சியா, காத்தாடும் அரங்கா?

ஒரே படம், ஒரே அரங்கு, ஒரே திரை. வெள்ளிக்கிழமை காலை 9 மணிக் காட்சியில் நாயகனின் செருப்பு தெரிந்ததுமே பேப்பர் பறக்கிறது, விசில் காதைக் கிழிக்கிறது, அடுத்து வரும் நான்கு வசனங்கள் யாருக்கும் கேட்பதில்லை. கேட்கவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மேட்னியில் அதே அரங்கில் பதினைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு காட்சியிலிருந்தும் ஒவ்வொருவரைப் பிடித்துப் படம் எப்படி என்று கேட்டால், முன்னவர் ‘செம’ என்பார். பின்னவர் ‘இரண்டாம் பாதி இழுவை’ என்பார். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

கூட்டத்தோடு பார்க்கப் பிடிக்குமா, ஆளில்லாத அரங்கில் பார்க்கப் பிடிக்குமா என்பதைக் குணத்தோடு சேர்த்துப் பேசுவதுதான் வழக்கம். கலகலப்பானவர்களுக்குக் கூட்டம், ஒதுங்கி இருப்பவர்களுக்கு அமைதி என்று. இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கு அடித்துப் பிடித்துப் போகிற அதே ஆள், இன்னொரு படத்துக்கு ‘கூட்டம் குறையட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று காத்திருக்கிறார். ஆளின் குணம் மட்டும் காரணமாக இருந்தால் இப்படி நடக்காது. படம் எடுக்கப்படும் விதம், அரங்கு கட்டப்பட்ட விதம், படம் விற்கப்படும் விதம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

படத்திலிருந்தே தொடங்கலாம். பெரிய நடிகரின் படம் ஆர்ப்பரிக்கிற கூட்டத்தை மனதில் வைத்தே வெட்டித் தொகுக்கப்படுகிறது. அறிமுகக் காட்சியில் ஸ்லோமோஷன் நடை, மெதுவாகத் திரும்பும் முகம், பஞ்ச் வசனம் முடிந்ததும் சில விநாடிகளுக்கு வெறும் பின்னணி இசை. அந்த விநாடிகள் விசிலுக்காக விடப்பட்ட இடம். கூட்டம் இருந்தால் அந்த இடம் தானாக நிரம்பிவிடும். இல்லாவிட்டால் நடிகர் யாருக்காகவோ காத்து நிற்பது போலத் தெரியும். அதே படத்தை ஒரு மாதம் கழித்து ஓ.டி.டி.யில் பார்க்கும்போது ‘இதுக்கா தியேட்டர்ல அப்படிக் கத்தினோம்?’ என்று நமக்கே தோன்றுவதற்கு இதுதான் காரணம். படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை. அதில் பாதி வேலையைச் செய்த ஆட்கள் இப்போது கூட இல்லை, அவ்வளவுதான்.

ஒலியிலும் இதே கதைதான். திரையரங்க ஒலிக்கு உலகம் முழுக்க ஒரு பொது அளவு உண்டு. டால்பி கருவியின் ஒலி அளவுக் குமிழை 7இல் வைத்தால், திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கியும் ஒரு சோதனை ஒலியை 85 டெசிபலில் தரும்படி அரங்கைச் சரிசெய்திருப்பார்கள். ஒலிக்கலவைக் கூடத்தில் இயக்குநர் கேட்ட அதே அளவில் கடைசி வரிசைக்காரரும் கேட்க வேண்டும் என்பது இதன் நோக்கம். நடைமுறையில் ஆபரேட்டர் கூட்டத்தைப் பார்த்து ஏற்றுவார், புகார் வந்தால் இறக்குவார். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியானபோது காது வலிக்கிறது என்று பார்வையாளர்கள் புகார் சொல்ல, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டியதாயிற்று. விசிலை மீறிக் கேட்க வேண்டும் என்று ஏற்றப்படுகிற இசை, கால்வாசி நிரம்பிய அரங்கில் தாங்க முடியாத இரைச்சலாகிவிடுகிறது. அமைதியைத் தேடி செவ்வாய்க்கிழமை போகிறவருக்கு அங்கே கிடைப்பது சில நேரம் இந்த இரைச்சல்தான்.

சரி, கூட்டம் நமக்குள் என்ன செய்கிறது? சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். நகைச்சுவைப் படத்தைத் தனியாகப் பார்த்துவிட்டு ‘சிரிப்பே வரலை’ என்று சொல்லும் விமர்சகரை நம்பத் தயங்குவதற்கு எனக்கு இது ஒரு காரணம். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தினர் செய்தது இதைவிட வினோதமான வேலை. திரையரங்கிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாயில் பிடித்து அளந்தார்கள். 16 படங்கள், 108 காட்சிகள், சுமார் 9,500 பார்வையாளர்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, பதற்றமான காட்சிகளிலும் சிரிப்புக் காட்சிகளிலும் காற்றில் கரியமில வாயுவும் ஐசோபிரீன் என்ற வேதிப்பொருளும் குபீரென்று ஏறின. வேறு நாளில் வேறு கூட்டம் அதே படத்தைப் பார்த்தபோதும் அதே இடங்களில் ஏறின. மூச்சைப் பிடிப்பதும் தசை இறுகுவதும் ஆளுக்கு ஆள் தனித்தனியாக நடக்கவில்லை. அரங்கமே சேர்ந்து மூச்சைப் பிடித்து விட்டிருக்கிறது.

கூட்டம் எப்போதும் படத்துக்கு நல்லது செய்யும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. யேல் பல்கலைக்கழகத்தில் எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் அதே சாக்லேட்டைச் சாப்பிடுகிறார் என்று தெரிந்தால், ஒரு வார்த்தை பேசாமலேயே, அந்தச் சாக்லேட் கூடுதலாகப் பிடித்தது. அடுத்து கசப்பான சாக்லேட்டைக் கொடுத்தார்கள். அது கூடுதலாகக் கசந்தது. இருக்கிற உணர்வு எதுவோ, அதைக் கூட்டம் பெருக்கிக் காட்டுகிறது. முதல் நாளில் கொண்டாடப்பட்ட படங்கள் மட்டுமல்ல, முதல் நாள் மாலைக்குள் கதை முடிந்துபோன படங்களும் இதனால்தான். சுமாரான படத்தைச் செவ்வாய்க்கிழமை தனியாகப் பார்த்தவர் ‘ஏதோ பரவாயில்லை’ என்று எழுந்து போவார். ஆயிரம் பேரோடு ஏமாந்தவர் வாசலில் நீட்டப்படும் மைக்கில் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிடுவார். 2024 இறுதியில் திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் கேட்டதற்குப் பின்னால் இருந்த பயம் இந்தப் பெருக்கல்தான்.

இன்று அமைதியை இயல்பான நிலை என்றும் சத்தத்தை அதற்கு வந்த கேடு என்றும் பேசுகிறோம். வரலாறு நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அது பேசாப் படக் காலம். திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை விளக்கிச் சொல்ல ஆள் இருந்தார், வாத்தியக்காரர்கள் இருந்தார்கள், பார்ப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. பிறகு வந்த டூரிங் டாக்கீஸ்களில் மணல்தான் தரை டிக்கெட். ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவில் ஒரு குட்டைத் தடுப்பு. முன்னால் இருப்பவர் மணலைக் குவித்து உயரமாக உட்கார, பின்னால் இருப்பவர் சண்டைக்குப் போவார். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்கும் சுண்டலும் வரும். அமைதியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்த்ததில்லை. திருவிழாக் கூத்தைப் பார்த்த மக்கள் சினிமாவையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

அப்புறம் கல் கட்டடங்கள் வந்தன. அவை கூட்டத்தை நம்பியே கட்டப்பட்டவை. 1952 தீபாவளிக்குத் திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி எதிரொலிக்கும். அதை அடக்க என்ன வழி? 1895வாக்கில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர், எதிரொலியால் பாழாய்ப்போன ஒரு வகுப்பறையைச் சரிசெய்யச் சொல்லப்பட்டு, பக்கத்து அரங்கின் மெத்தைகளைக் கடன் வாங்கி இரவெல்லாம் அடுக்கி அடுக்கி அளந்தார். மெத்தையும் மனித உடலும் ஒலியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதற்கு அவர் கணக்கே போட்டார். ஒலியைத் தப்பவிடும் அளவில், உட்கார்ந்திருக்கும் ஒரு பார்வையாளர் ஏறத்தாழ அரை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். மரப்பலகை, இரும்பு நாற்காலிகள் கொண்ட பழைய அரங்கில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்தால் ஆயிரம் சதுர மீட்டர் சன்னலைத் திறந்துவிட்ட மாதிரி. ஆள் இல்லாத நாளில் வசனம் எல்லாம் கொழகொழவென்று கேட்கும். அந்த அரங்குகளில் கூட்டம்தான் ஒலியமைப்பின் ஒரு பாகம். ‘நல்லா கேட்கணும்னா ஹவுஸ்ஃபுல் ஷோவுக்குப் போ’ என்பது வெறும் உற்சாகப் பேச்சு இல்லை.

இன்றைய மல்டிபிளெக்ஸில் கனமான மெத்தை இருக்கை, சுவரெல்லாம் துணி, கீழே கம்பளம். ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் ஒலி கிட்டத்தட்ட ஒன்றுதான். கட்டடத்துக்குக் கூட்டம் தேவையில்லாமல் போய்விட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 500 பேர் என்றால் 50 கிலோவாட். அதைக் குளிர்விக்க மட்டுமே 14 டன் ஏ.சி. வேண்டும். அந்த 500 பேரை நம்பிப் போட்ட ஏ.சி.யில் இருபது பேர் உட்கார்ந்தால் விறைத்துப்போவார்கள். சிறிய ஊர்களில் இதற்கு நேர் எதிர்: இருபது பேருக்கா என்று ஏ.சி.யையே நிறுத்திவிடுவார்கள். காலி அரங்கை விரும்புகிறவருக்கு உடுப்பு விஷயத்தில் தயார்நிலை அவசியம்.

அமைதி எப்படி மரியாதைக்குரியதாக ஆனது? ஐரோப்பாவிலும் அது பிற்காலத்துப் பழக்கம்தான். ஓபரா என்ற இசை நாடகம் நடக்கும் பழைய அரங்குகளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேச்சும் சாப்பாடும் நடக்கும். 1876இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் இசையமைப்பாளர் வாக்னர் தன் அரங்கை இருட்டாக்கி எல்லாரையும் மேடையை மட்டும் பார்க்க வைத்ததை ஒரு திருப்பமாகச் சொல்வார்கள். சென்னையில் அந்தப் பழக்கம் மவுண்ட் ரோட்டு ஆங்கிலப் பட அரங்குகளின் வழியாக வந்து, ஏ.சி.யோடும் விலையோடும் ஒட்டிக்கொண்டது. அமைதியாகப் பார்ப்பவர் பால்கனி, சத்தம் போடுபவர் தரை டிக்கெட் என்று ஒரு வர்க்கக் கோடு அதில் உண்டு. இன்றும் ‘அந்த தியேட்டர் க்ரௌடு சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதில் எவ்வளவு சத்தத்தைப் பற்றியது, எவ்வளவு ஆட்களைப் பற்றியது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் ஏ.சி. அரங்குக்குப் போனவர்கள் எல்லாரும் கலையை ரசிக்கப் போனார்கள் என்றும் இல்லை. 1960களில் வந்த சஃபையர் வளாகத்தின் புளூ டயமண்ட் அரங்கில் படம் இடைவிடாமல் தொடர்ந்து ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எவ்வளவு நேரமும் இருக்கலாம். மே மாத மதியத்தில் அங்கே தூங்கி எழுந்து போனவர்களின் கதையை அந்தக் காலத்துச் சென்னைக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

கூட்டமும் அமைதியும் இன்று எதிரெதிர் முகாம்களாகத் தெரிவதற்கு என் கணிப்பில் முக்கியக் காரணம் புரொஜெக்டர் அறையில் நடந்த மாற்றம். பிலிம் காலத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் பெருஞ்செலவு. அதனால் படம் முதலில் பெரிய நகரங்களில் சில அரங்குகளில் வரும். ஓடி முடிந்த பிரதி அடுத்த கட்ட ஊர்களுக்குப் போகும், கிராமத்துக் கொட்டகைக்கு மாதங்கள் கழித்துப் போகும். கூட்டம் அப்படியே காலத்தில் பரவிக் கிடந்தது. 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஐம்பதாவது நாள், நூறாவது நாள், வெள்ளி விழா என்று போஸ்டர் ஒட்டிய காலத்தில் ரசிகர்கள் முதல் வாரம் பார்ப்பார்கள், குடும்பங்கள் மூன்றாவது வாரம், நிதானமாகப் பார்க்க விரும்பியவர்கள் நாற்பதாவது நாள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. டிஜிட்டல் முறை வந்த பிறகு பிரதி என்ற பொருளே இல்லை. பெரிய படம் ஒரே நாளில் மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான திரைகளில் இறங்கி, முதல் மூன்று நாட்களில் வசூலை அள்ளப் பார்க்கிறது. நான்கு வாரத்தில் ஓ.டி.டி. வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். பழைய நாட்களில் தனித்தனியாக வந்த மூன்று விதப் பார்வையாளர்களும் இப்போது ஒரே சனிக்கிழமை மாலைக் காட்சிக்குள் திணிக்கப்படுகிறார்கள்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எத்தனை தலைகள் என்பது பெரிய விஷயம் இல்லை. இங்கே எப்படி நடந்துகொள்வது என்பதில் உள்ளே இருப்பவர்களுக்குள் பேசாத ஓர் உடன்பாடு இருக்கிறதா என்பதுதான் விஷயம். ரசிகர் காட்சியில் அது கறாராகவே உண்டு. எப்போது பேப்பர் எறிய வேண்டும், எப்போது ‘ஒன்ஸ்மோர்’ கேட்க வேண்டும், எந்த இடத்தில் எழுந்து ஆடலாம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அங்கே போய் ‘கொஞ்சம் அமைதியா இருங்க’ என்று சொல்பவர்தான் ஒழுங்கை மீறுகிறார். இதற்கு மறுமுனையில் 1996 முதல் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் ஈரானியப் படத்துக்கும் துருக்கியப் படத்துக்கும் இருக்கை கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மூச்சு முட்டும் கூட்டம், ஆனால் சத்தமே இல்லை. படம் முடிந்ததும் கைதட்டல். கூட்டம் என்றால் இரைச்சல் என்ற சமன்பாடு அங்கே செல்லுபடியாகாது.

ஜப்பானியர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். படம் முடிந்து பெயர்களும் ஓடி முடிந்து விளக்கு எரியும்வரை யாரும் அசையாத அரங்குகள் அவர்களுடையவை. 1998இல் ‘முத்து’ அங்கே வெளியாகிப் பெரிய வெற்றி பெற்றது. இந்தியப் படங்களை இந்தியர்களைப் போலவே பார்க்க வேண்டும் என்ற ஆசை அங்கே வளர்ந்து, ‘மசாலா காட்சி’ என்று தனியாக ஒரு வகையே உருவாகிவிட்டது. ஒசாகாவுக்குப் பக்கத்தில் அமகாசாகியில் உள்ள சுகாகுச்சி சன்சன் தியேட்டர் இதற்குப் பேர்போனது. அந்தக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தால் கத்தலாம், ஆடலாம், வண்ணக் காகிதம் தூவலாம். முடிந்ததும் பார்வையாளர்களே பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். அமைதி வேண்டியவருக்கு அதே படம் வேறு நேரத்தில் ஓடும். அமெரிக்காவில் எதிர்த்திசையில் ஒரு நிறுவனம் உண்டு: 1997இல் ஆஸ்டினில் தொடங்கிய அலமோ டிராஃப்ட்ஹவுஸ். அங்கே படம் ஓடும்போது பேசினாலோ போனை எடுத்தாலோ ஓர் எச்சரிக்கை, அதற்குப் பிறகு வெளியே. இரண்டு இடத்திலும் டிக்கெட் எடுக்கும்போதே எதற்குப் போகிறோம் என்று தெரிந்துவிடுகிறது.

நம் ஊர் சனிக்கிழமை மாலைக் காட்சியில் அது தெரிவதில்லை. எட்டாவது வரிசையில் ஒரு ரசிகர் குழு, ஒன்பதாவதில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், பத்தாவதில் படத்தை உன்னிப்பாகப் பார்க்க வந்த ஒருவர், பதினொன்றில் கதையை வரிக்கு வரி பக்கத்து இருக்கைக்கு விளக்கும் இன்னொருவர். யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனால் எல்லாருக்கும் எரிச்சல். இதில் போன் வெளிச்சத்தை மட்டும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. விசில் படத்தைப் பார்த்து வருவது, குழந்தை அழுவது குழந்தையின் இயல்பு. இருட்டில் எரியும் போனுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

பெண்களுக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரி வந்து நிற்கிறது. ரசிகர் காட்சி பெரும்பாலும் ஆண்களின் இடம். அதனால் கூட்டத்தைத் தவிர்க்கும் பெண்கள் உண்டு. அதே சமயம் பத்துப் பேர் மட்டும் இருக்கும் செகண்ட் ஷோவும் தனியாக வரும் பெண்ணுக்கு நிம்மதி தருவதில்லை. அவர் தேடுவது பாதிக்கு மேல் நிரம்பிய, குடும்பங்கள் வந்திருக்கிற காட்சி. முன்பு மேட்னிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட்டாகக் கிளம்பிப் போனதும் இதே கணக்கில்தான்.

கூட்டத்தின் ஆபத்தான பக்கம் வந்தபோதுதான் அரசு தலையிட்டது. தமிழ்நாட்டில் வழக்கமாக ஒரு நாளைக்கு நான்கு காட்சிகள். கூடுதல் காட்சிக்கு அரசு அனுமதி வேண்டும். 2023 ஜனவரி 11 அன்று நள்ளிரவு 1 மணிக்கு ‘துணிவு’, அதிகாலை 4 மணிக்கு ‘வாரிசு’ என்று காட்சிகள் போடப்பட்டன. அந்தக் கொண்டாட்டத்தில் கோயம்பேட்டில் ஓடும் லாரி மேல் ஏறி ஆடிய ஓர் இளைஞர் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை. அக்டோபரில் வந்த ‘லியோ’வுக்கு ஐந்து காட்சிகள் கிடைத்தன, ஆனால் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளத்தில் 4 மணிக்கே தொடங்கிவிட்டதால் கோவையிலிருந்தும் குமரியிலிருந்தும் எல்லை தாண்டிப் போனார்கள். படத்தை ஐந்து மணி நேரம் முன்னால் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதல் கூட்டத்தில் ஒருவராக இருப்பதுதான் அவர்கள் வாங்கியது. படம் அதோடு சேர்த்துக் கிடைத்தது. 2024 டிசம்பர் 4 இரவு ஹைதராபாத்தில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சிக்கு நடிகர் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார். ரசிகர் காட்சியின் உடன்பாட்டைப் பற்றி நான் மேலே சொன்னதெல்லாம் அரங்குக்குள்ளே. வாசலில் அந்த உடன்பாடு இல்லை. அங்கே காவல்துறையும் நிர்வாகமும் இருந்தாக வேண்டும்.

நடுவில் ஒரு காலத்தில் அமைதி சட்டமாகவே வந்தது. கொரோனாவால் மூடப்பட்ட அரங்குகள் 2020 நவம்பர் 10 அன்று 50 சதவீத இருக்கைகளோடு திறந்தன. பொங்கலுக்கு முன்பு 100 சதவீதத்துக்கு மாநில அரசு அனுமதி கொடுத்து, மத்திய அரசு ஆட்சேபித்ததும் திரும்பப் பெற்றது. ‘மாஸ்டர்’ பாதி இருக்கையோடுதான் வெளியானது. பக்கத்து இருக்கை கட்டாயமாகக் காலி. இரண்டு கைப்பிடியும் நமக்கே. அந்த ஏற்பாட்டை இன்னும் ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. விசில் மட்டும் பாதியாகக் குறைந்ததாகத் தெரியவில்லை.

அமைதியை விரும்புகிறவரை வியாபாரம் எப்படிப் பார்க்கிறது? மற்றப் பல மாநில மல்டிபிளெக்ஸ்களில் வார நாள் காலைக் காட்சி மலிவு, வார இறுதி மாலை விலை அதிகம். தமிழ்நாட்டில் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருப்பதால் சென்னையில் வெள்ளி மாலைக்கும் வார நாள் மதியத்துக்கும் விலை பெரிதாக வேறுபடுவதில்லை. காலி நேரத்தில் வருகிறவருக்குப் பெரிய சலுகை இல்லை. ரசிகர் காட்சிக்கோ உச்சவரம்பைத் தாண்டி வெளியில் விற்கப்படும் டிக்கெட் ஊரறிந்த ரகசியம். ஒரு மல்டிபிளெக்ஸில் ஆறு திரை, எட்டுத் திரை இருக்கின்றன. அதில் ஒன்றில் வாரத்துக்கு ஒரு காட்சியை ‘போன் கூடாது, பேச்சு கூடாது’ என்று முன்பே சொல்லி விற்கலாம், இன்னொன்றை ‘ஆட்டம் பாட்டம்’ என்று விற்கலாம். இரண்டாவது வகை இப்போதே ஒரு விதத்தில் நடக்கிறது. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுவெளியீடு கண்டபோது வந்தவர்களுக்கு ஒவ்வொரு வசனமும் மனப்பாடம். கதை தெரிந்துகொள்ள ஒருவரும் வரவில்லை. சேர்ந்து கத்தத்தான் வந்தார்கள். அமைதிக் காட்சியை அப்படிப் பெயர் சொல்லி விற்கும் வழக்கம் மட்டும் இங்கே வேரூன்றவில்லை.

அதுவரைக்கும் அவரவர் கணக்குத்தான். என் கணக்கு இது: நட்சத்திரப் படமும் நகைச்சுவையும் முதல் மூன்று நாட்களுக்குள், எவ்வளவு கூட்டமோ அவ்வளவு நல்லது. பேய்ப்படத்துக்குப் பாதி அரங்கு போதும்; நிரம்பிய அரங்கில் யாராவது ஒருவர் கமென்ட் அடித்துப் பேயைக் கோமாளியாக்கிவிடுவார், முற்றிலும் காலியாக இருந்தால் பக்கத்தில் பயப்பட ஆள் இல்லை. மெதுவாக நகரும் படத்துக்குத் திங்கள் முதல் வியாழன் வரை, மேட்னி. புக்கிங் செயலியில் இருக்கை வரைபடத்தைக் காட்சிக்கு அரை மணி நேரம் முன்பு பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். ஆனால் ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது. சின்னப் படங்களுக்கு இரண்டாவது வாரத்தில் ஒரு காட்சிதான் மிஞ்சும், அதுவும் ஊருக்கு வெளியே உள்ள அரங்கில். அங்கே நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், இன்னும் சிலர் சேராவிட்டால் ஓட்ட மாட்டோம் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்று, இன்னும் ஆறு பேராவது வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் கூட்டம் வேண்டாம் என்று தேடி வந்த அதே ஆட்கள்தான்.